எழுதியவர் போன பிறகு

1994ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ராப் மெக்கூல் என்ற இளம் நிரலாளர், அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பார்த்துவந்த வேலையை விட்டுப் போனார். அங்கிருந்த என்சிஎஸ்ஏ என்ற சூப்பர்கம்ப்யூட்டர் மையத்தில் அவர் எழுதியிருந்த நிரலுக்கு எச்டிடிபிடி என்று பெயர். அது ஒரு வெப் சர்வர். உலகில் எங்கோ ஒருவர் உலாவியில் ஒரு பக்கத்தைக் கேட்டால், அதற்குரிய கோப்பைத் தேடி எடுத்து அனுப்பிவைப்பது அதன் வேலை. வலை பிறந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த அந்தக் காலத்தில் வேறெந்தச் சர்வரையும்விட அதிகமான தளங்கள் இந்த ஒரு நிரலை நம்பித்தான் இருந்தன. மூலநிரல் பொதுச்சொத்து, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம். ஆனால் வளர்த்தவர் போய்விட்டார். அதோடு வளர்ச்சியும் நின்றது.

நிரல் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. கைவிடப்பட்ட மென்பொருளின் விசித்திரம் இதுதான். அதில் ஓர் எழுத்துகூடத் தேய்வதில்லை. நேற்று செய்ததை இன்றும் அப்படியே செய்கிறது. தேய்வது, அதற்கும் சுற்றியுள்ள உலகத்துக்கும் இடையே இருக்கும் பொருத்தம். ஐபிஎம் நிறுவனத்தின் ஓஎஸ்/360 என்ற மாபெரும் இயங்குதளத்தின் வெளியீடுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஆராய்ந்த மெய்ர் லேமன், 1974இல் இதை ஒரு விதியாகவே வகுத்தார்: நிஜ உலகில் பயன்படும் நிரலை இடைவிடாமல் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், மாற்றாவிட்டால் அதன் பயன் படிப்படியாகக் குறையும்.

1994இல் உலகம் மாறிய வேகம் சாதாரணமானதல்ல. மாதத்துக்கு மாதம் புதிய உலாவிகள், புதிய தளங்கள், எவரும் எதிர்பாராத கூட்டம். எச்டிடிபிடியை வைத்துத் தளம் நடத்தியவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பிழையில் முட்டிக்கொண்டார்கள். எழுதியவரைக் கேட்க வழியில்லாததால் தாங்களே மூலநிரலைத் திறந்து திருத்திக்கொண்டார்கள். அந்தத் திருத்தங்களைப் பேட்ச் என்பார்கள். முழு நிரலையும் அனுப்பாமல், எந்தக் கோப்பில் எந்த வரியை நீக்க வேண்டும், எந்த வரியைச் சேர்க்க வேண்டும் என்பதை மட்டும் கழித்தல், கூட்டல் குறிகளோடு எழுதிய சிறு கோப்பு அது. மாற்ற வேண்டிய இடத்துக்கு மேலும் கீழும் இருக்கும் சில வரிகளும் கூடவே வரும். அதனால் உங்கள் பிரதியில் வரி எண்கள் சற்று முன்பின்னாக இருந்தாலும், அடையாள வரிகளைக் கொண்டு சரியான இடத்தைக் கணினியே கண்டுபிடித்துவிடும். இதைச் செய்யும் நிரலை 1985இல் எழுதியவர் லாரி வால். பின்னாளில் பெர்ல் மொழியை உருவாக்கியவரும் அவர்தான். ஒருவரையொருவர் பார்த்தே இராதவர்கள் ஒரே நிரலில் கைவைக்க முடிந்ததற்கு இந்தச் சிறு கருவிக்கு நாம் பெரிதும் கடன்பட்டிருக்கிறோம்.

1995 பிப்ரவரியில் நிலைமை அபாயகரமானது. எச்டிடிபிடியின் 1.3 பதிப்பில் ஒரு பாதுகாப்பு ஓட்டை இருப்பது பகிரங்கமானது. ஓட்டை எளிமையானது, அதனாலேயே பயங்கரமானது. வெளியிலிருந்து வரும் முகவரி 8192 எழுத்துகள் வரை நீளலாம் என்று நிரலின் ஒரு பகுதி நினைத்துக்கொண்டிருந்தது. இன்னொரு பகுதி அதை நகலெடுக்க ஒதுக்கிய இடமோ 256 எழுத்துகளுக்குத்தான். வேண்டுமென்றே நீளமான முகவரியை ஒருவர் அனுப்பினால், மிஞ்சும் எழுத்துகள் பக்கத்து நினைவகத்தின்மேல் எழுதப்படும். அந்த இடத்தில்தான் ‘இந்த வேலை முடிந்ததும் அடுத்து எங்கே போக வேண்டும்’ என்ற குறிப்பை நிரல் வைத்திருக்கும். குறிப்பை மாற்றிவிட்டால் கணினி, வந்தவர் சொன்னபடி ஆடும். மாற்ற வேண்டியது ஏறக்குறைய ஒரே வரி. ஆனால் இப்படிப்பட்ட திருத்தங்களை எல்லாம் சேர்த்து எல்லோருக்கும் பொதுவான பதிப்பாக வெளியிட அந்த நேரத்தில் ஏற்பாடு இல்லை.

அந்த மாத இறுதியில் எட்டுப் பேர் மின்னஞ்சல் வழியே ஒன்று சேர்ந்தார்கள். பிரையன் பெலன்டார்ஃப் வயர்டு இதழின் ஹாட்வயர்டு தளத்தைக் கவனித்தவர். ராய் ஃபீல்டிங், வலையின் அடிப்படை நெறிமுறையையே எழுதிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர். ராப் ஹார்ட்டில் பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்திலிருந்து திரைப்படத் தகவல் தளத்தை வலையில் ஏற்றியவர். எவருக்கும் இந்த நிரலை மீட்கச் சொல்லி யாரும் உத்தரவிடவில்லை. தங்கள் தளம் விழாமல் நிற்க வேண்டும் என்ற தேவைதான் அவர்களைச் சேர்த்தது. 1.3 பதிப்பை அடித்தளமாக வைத்து, கைவசம் இருந்த பேட்ச்களை எல்லாம் கொட்டிச் சலித்து, நல்லவற்றை ஏற்றி, 1995 ஏப்ரலில் அப்பாச்சி 0.6.2 என்று வெளியிட்டார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் வாக்கு உண்டு. ஆதரித்தால் +1, எதிர்த்தால் −1. என்சிஎஸ்ஏவும் இதற்குள் தன் நிரலை மீண்டும் வளர்க்கத் தொடங்கியிருந்தது. அங்கிருந்து இருவர் இந்தக் குழுவில் கௌரவ உறுப்பினர்களாகச் சேர்ந்தார்கள். போட்டி என்று முகம் திருப்பிக்கொள்ளாமல் இரு தரப்பும் யோசனைகளைப் பகிர்ந்துகொண்டதை இந்தக் கதையின் மிக அழகான பகுதியாக நான் நினைக்கிறேன்.

ஆனால் பேட்ச் ஒட்டியதால் மட்டும் அப்பாச்சி பிழைத்துவிடவில்லை. பிழைத்தது ஏன் என்று புரிய, டென்மார்க்கைச் சேர்ந்த பீட்டர் நாவரிடம் போக வேண்டும்.

வானியலாளராகத் தொடங்கி நிரல்மொழிகளின் முன்னோடிகளில் ஒருவராகி, பின்னாளில் 2005ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது பெற்றவர் நாவர். 1985இல் அவர் எழுதிய ஒரு கட்டுரை, நிரல் என்றால் என்ன என்ற கேள்விக்கு யாரும் எதிர்பாராத பதிலைச் சொன்னது. திரையில் தெரியும் வரிகள் நிரல் அல்ல. விளக்கக் குறிப்புகளும் அல்ல. உலகின் இந்தத் தேவைக்கு நிரலின் இந்தப் பகுதி எப்படிப் பதில் சொல்கிறது, வேறு வழிகள் இருந்தும் ஏன் இந்த வழி, நாளை புதிதாக ஒன்று கேட்டால் அதை எங்கே பொருத்துவது என்று எழுதியவர்களின் தலைக்குள் ஒரு கோட்பாடு இருக்கிறதே, அதுதான் நிரலின் உயிர். வரிகள் அதன் சுவடு மட்டுமே.

சான்றாக அவர் ஒரு கம்பைலரின், அதாவது நிரல்மொழியில் எழுதியதைக் கணினிக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும் நிரலின், கதையைச் சொல்கிறார். ஒரு குழு நன்றாக வடிவமைத்து எழுதிய கம்பைலரை இன்னொரு குழு வாங்கி விரிவாக்கத் தொடங்கியது. முழு மூலநிரலும் கையில் இருந்தது. விரிவான விளக்கங்களும் இருந்தன. முதல் குழு ஆலோசனையும் சொல்லிவந்தது. அப்படியும், இரண்டாம் குழு கொண்டுவந்த யோசனைகள் பல, அந்த வடிவமைப்பில் ஏற்கெனவே இருந்த வசதிகளைப் பயன்படுத்தத் தெரியாமல் அதன் எளிமையைக் குலைக்கும் ஒட்டுவேலைகளாகவே இருந்தன. முதல் குழு பார்த்த மாத்திரத்தில் பிரச்சினையைச் சொல்லி, வடிவமைப்போடு இசைந்த எளிய வழியைக் காட்ட முடிந்தது. சில ஆண்டுகளுக்குப் பின் மூன்றாம் கைகளுக்குப் போன அந்தக் கம்பைலரில், பழைய வடிவம் கண்ணுக்குத் தெரிந்தாலும் பலனற்றுக் கிடந்தது.

தெரிந்தவர்கள் கலைந்துபோனால் நிரல் இறந்துவிடுகிறது என்கிறார் நாவர். கணினிகளில் ஓடிக்கொண்டிருந்தாலும் இறந்ததுதான். இறந்ததை எழுத்தை மட்டும் படித்து உயிர்ப்பிக்க முடியாது; பழைய வரிகளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பிரச்சினையைப் புதிதாகத் தீர்ப்பதே மேல் என்பது அவருடைய முடிவு.

பெரும்பாலும் நாவர் பக்கம்தான் நான் நிற்பேன். பழைய நிரலில் ‘இரண்டு நொடி காத்திரு’ என்று ஒரு கட்டளை இருக்கிறது என்று வையுங்கள். ஏன் என்று எந்தக் குறிப்பும் இல்லை. அலுவலகத்தின் பழைய அச்சுப்பொறி விழித்தெழ அத்தனை நேரம் எடுத்ததால் இருக்கலாம். எழுதியவர் சோதனைக்காகப் போட்டு நீக்க மறந்ததாகவும் இருக்கலாம். அந்த வரியை எத்தனை முறை படித்தாலும் பதில் கிடைக்காது. காரணம் வரியில் இல்லை, அதை எழுதியவரின் அன்றைய சூழலில் இருந்தது.

அப்படியென்றால் அப்பாச்சி? அங்கே எழுதியவர் போய்விட்டார். ஆனால் கோட்பாடு முழுவதும் அவரோடு போகவில்லை. அந்தச் சர்வரை இரவும் பகலும் ஓட்டியவர்கள் அது எதற்காக இருக்கிறது, எந்தச் சுமையில் திணறுகிறது, எந்தக் கேள்விக்குத் தவறாகப் பதில் சொல்கிறது என்று ஏற்கெனவே அறிந்திருந்தார்கள். ஆளுக்கொரு துண்டாகச் சிதறிக்கிடந்த அந்த அறிவை மின்னஞ்சல் விவாதங்கள் ஒன்றாகக் கோத்தன. அதன் பிறகு நடந்தது, நாவரே பரிந்துரைத்திருக்கக்கூடியது. குழுவில் ஒருவரான ராபர்ட் தாவ், சர்வரின் கட்டமைப்பையே புதிதாக வடிவமைத்தார். ஜூலையில் குழு அந்தப் புதிய அடித்தளத்துக்கு மாறியது. 1995 டிசம்பர் 1 அன்று அப்பாச்சி 1.0 வெளிவந்தது. 1996இல், எந்தத் தளம் எந்தச் சர்வரில் ஓடுகிறது என்று எண்ணும் நெட்கிராஃப்ட் கணக்கெடுப்பில் முதலிடம்.

தாவின் வடிவமைப்பைச் சற்று நின்று பார்க்க வேண்டும். சி மொழியில் நிரல் எழுதுபவர், நினைவகத்தில் இடம் கேட்டு வாங்கினால், வேலை முடிந்ததும் அவரே திருப்பித் தர வேண்டும். ஓரிடத்தில் மறந்தாலும், நாள்கணக்கில் ஓடும் சர்வர் கொஞ்சம் கொஞ்சமாக நினைவகத்தை விழுங்கிவிடும். தாவ், வரும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனியாக ஓர் இடத்தொகுப்பை ஒதுக்கினார். அந்தக் கோரிக்கைக்காக யார் எவ்வளவு வாங்கினாலும் அந்தத் தொகுப்பிலிருந்துதான் வாங்க வேண்டும். பதில் அனுப்பி முடித்ததும் தொகுப்பு மொத்தமாகக் காலி. தனித்தனியாகத் திருப்பித் தர மறக்கும் பேச்சுக்கே இடமில்லை. கூடவே, வேலையைக் கட்டங்களாகப் பிரித்தார்: முகவரியைக் கோப்பாக மாற்றுவது, அனுமதி உண்டா என்று பார்ப்பது, பதில் தருவது, பதிவேட்டில் எழுதுவது. எந்தக் கட்டத்திலும் ஒரு தனி மாட்யூலைச் செருகலாம்.

வேகத்துக்காகச் செய்த ஏற்பாடு போலத் தோன்றினாலும், என் பார்வையில் இது மனிதர்களுக்காகச் செய்தது. புதிதாக வருபவர் சர்வரின் முழுக் கோட்பாட்டையும் தலையில் ஏற்ற வேண்டியதில்லை. தன் மாட்யூல் தொடும் கட்டத்தைப் புரிந்துகொண்டால் போதும். தவறு செய்தாலும் சேதம் பெரிதாகப் பரவாது. மெக்கூல் போனபோது ஒருவரை நம்பியிருந்த நிரல், இனி யார் போனாலும் தாங்கும் நிரலாக மாறியது அங்கேதான்.

ஒருவரை நம்பியிருப்பது அரிதான விஷயமல்ல. எத்தனை பேர் விலகினால் ஒரு திட்டம் முடங்கும் என்பதை அளக்க ஓர் எண் உண்டு. பிரேசிலைச் சேர்ந்த கில்யெர்மி அவெலினோவும் சக ஆய்வாளர்களும் 2016இல் 133 பிரபலமான திறமூலத் திட்டங்களை அலசியபோது, 65 விழுக்காட்டுக்கு அந்த எண் ஒன்று அல்லது இரண்டு. அவெலினோ குழு 2019இல் 1,932 திட்டங்களின் வரலாற்றைத் தோண்டியது. 16 விழுக்காட்டுத் திட்டங்களில் முக்கியமானவர்கள் அனைவருமே விலகிப்போன கட்டம் ஒன்று வந்திருந்தது. அவற்றில் 41 விழுக்காடு புதியவர்களால் பிழைத்துக்கொண்டன. ஏன் தோள் கொடுத்தீர்கள் என்று அந்தப் புதியவர்களைக் கேட்டபோது முதன்மையாக வந்த பதில், தாங்களே அதைப் பயன்படுத்துகிறோம் என்பது. எட்டுப் பேரின் கதையேதான்.

இன்று ஒரு கைவிடப்பட்ட நிரலை எடுத்துக்கொள்பவர் எங்கிருந்து தொடங்குவார்? அனுபவசாலிகள் எதையும் திருத்தத் தொடங்குவதில்லை. முதலில் அதை மூலநிரலிலிருந்து கட்டி ஓடவைத்துவிட்டு, அது இன்று என்ன செய்கிறதோ அதை அப்படியே பதிவுசெய்கிறார்கள். மைக்கேல் ஃபெதர்ஸ் 2004இல் எழுதிய நூலால் பரவலான முறை இது. இந்த உள்ளீட்டைக் கொடுத்தால் இந்த விடை வருகிறது என்று நூற்றுக்கணக்கான சிறு சோதனைகளை எழுதுவது. விடை சரியா தவறா என்று இப்போது கேட்கக் கூடாது. வரிக்கணக்கில் பத்துப் பைசா கூடுதலாக வருகிறதா, அதையும் அப்படியே எழுதிவை. யாரோ ஒரு கணக்கர் அந்தப் பத்துப் பைசாவைக் கழித்துத்தான் ஆண்டுக்கணக்கை முடித்துக்கொண்டிருக்கலாம். இனி எந்த வரியைத் தொட்டாலும், எது மாறியது என்று சோதனைகள் உடனே சொல்லும். முன்பு சொன்ன ‘இரண்டு நொடி’ வரியை நீக்கிப் பார்க்கும் துணிவு அதன் பிறகுதான் வரும்.

மாற்றங்களின் வரலாறு கிட் போன்ற கருவியில் காப்பாற்றப்பட்டிருந்தால் அது பெரும் அதிர்ஷ்டம். ஒவ்வொரு வரியையும் யார், எப்போது, என்ன குறிப்போடு சேர்த்தார் என்று பார்க்கலாம். ஒரு பிழை எந்த மாற்றத்தோடு உள்ளே வந்தது என்றும் கண்டுபிடிக்கலாம். ஆயிரம் மாற்றங்கள் இருந்தால் ஆயிரத்தையும் சோதிக்க வேண்டாம். நடுவில் உள்ளதை எடுத்து ஓட்டுங்கள். பிழை இருந்தால் குற்றவாளி முன்பாதியில், இல்லாவிட்டால் பின்பாதியில். மறுபடி நடுவில். பத்தே சோதனையில் ஒரே ஒரு மாற்றம் மிஞ்சும். பல நேரம், போனவரின் எண்ண ஓட்டம் அந்த ஒரு மாற்றத்தின் குறிப்பில் பளிச்சென்று வெளிப்படும்.

சட்டமும் குறுக்கே நிற்கலாம். மூலநிரல் கண்ணில் பட்டாலும் உரிமம் இடம் கொடுக்காவிட்டால் தொட முடியாது. முப்பரிமாண ஓவியங்களுக்கான பிளெண்டர் மென்பொருளை வைத்திருந்த டச்சு நிறுவனம் 2002இல் மூடப்பட்டபோது, அதை உருவாக்கிய டான் ரோஸன்டாலுக்கே அந்த நிரலில் உரிமை இல்லாமல் போனது. முதலீட்டாளர்கள் 1,00,000 யூரோ கேட்டார்கள். பயனர்கள் ஏழே வாரத்தில் திரட்டிக் கொடுத்தார்கள். அந்த ஆண்டு அக்டோபர் 13 முதல் அதன் மூலநிரல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. 2025இல் ஆஸ்கர் வென்ற ‘ஃப்ளோ’ அசைவூட்டத் திரைப்படம் பிளெண்டரில் உருவானது.

மீட்க வருபவரைப் பற்றியும் பேசியாக வேண்டும்.

எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு நிரல்தொகுப்பு. லினக்ஸ் கணினிகளில் ஏறக்குறைய எங்கும் இருக்கிறது. நெடுங்காலமாக அதைக் காத்துவந்தவர் ஒரே ஒருவர். சம்பளம் இல்லாமல், ஓய்வு நேரத்தில். 2021இன் இறுதியில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் பேட்ச்கள் அனுப்பத் தொடங்கினார். நல்ல பேட்ச்கள். 2022இல் வேறு சில பெயர்களிலிருந்து நச்சரிப்பு வந்தது: வேலை மெதுவாக நடக்கிறது, வேறொருவரைச் சேர்த்துக்கொள் என்று. தன் மனநலம் சரியில்லை, இது கூலியில்லாத வேலை என்று அந்தப் பராமரிப்பாளர் பொறுமையாகப் பதில் எழுதினார். படிக்கும்போது நெஞ்சு கனக்கும் பதில் அது. பின்னர் ஜியா டானுக்கு அதிகாரம் கொடுக்கப்பட்டது. 2024 பிப்ரவரியில் வந்த 5.6.0 பதிப்பில், சோதனைக்கான மாதிரிக் கோப்புகள் என்ற பெயரில் ஒரு பின்வாசல் ஒளித்துவைக்கப்பட்டிருந்தது. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சேவை, அப்போது சில லினக்ஸ் வகைகளில் சுற்றுவழியாக இந்தத் தொகுப்பையும் ஏற்றிக்கொண்டது. அங்கே குறிப்பிட்ட ரகசியச் சாவி வைத்திருப்பவர் எந்தக் கட்டளையையும் நிறைவேற்றிக்கொள்ள முடிந்திருக்கும்.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் நிரலாளர்களில் ஒருவரான ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ன்ட் வேறு ஏதோ அளந்துகொண்டிருந்தபோது, 0.3 நொடியில் முடிய வேண்டிய எஸ்எஸ்ஹெச் முயற்சி 0.8 நொடி எடுப்பதைக் கவனித்தார். அரை நொடி ஏன் என்ற கேள்வியை அவர் விடவில்லை. மார்ச் 29 அன்று உலகுக்கு அறிவித்தார். பெரிய லினக்ஸ் வகைகளின் நிலையான பதிப்புகளுக்கு அது போய்ச்சேரும் முன் தடுக்கப்பட்டது.

ஜியா டான் என்ற அந்த நபர், நல்ல மீட்பர் செய்யும் எல்லாவற்றையும் செய்தார். நிரலைக் கற்றார், சோதனைகள் எழுதினார், பயனர்களுக்குப் பதில் சொன்னார், கோட்பாட்டைத் தன் தலைக்குள் முழுமையாகக் கட்டிக்கொண்டார். அப்பாச்சியில் எட்டுப் பேர் ஒருவர் வேலையை ஒருவர் பார்த்து வாக்களித்தார்கள். அவர்கள் ஒவ்வொருவரின் தளமும் அந்த நிரலின்மேல் நின்றது. இங்கே களைத்துப்போன ஒருவரும், அவருக்கு உதவ வந்த ஒருவரும் மட்டும். இந்த நிரலால் லாபம் அடைந்த பெரு நிறுவனங்கள் எதுவும் அந்த இடைவெளியைக் கவனிக்கவில்லை என்பது எனக்கு ஆற முடியாத கோபம்.

பழைய பராமரிப்பாளர் திரும்பி வந்தார். பின்வாசலை நீக்கி 2024 மே 29 அன்று 5.6.2 பதிப்பை வெளியிட்டார். அதன் குறிப்புகளில் ஒரு சிறு விவரம் இருக்கிறது. செயலிக்கு ஏற்ற வேகமான வழியை நிரல் தொடங்கும்போதே தேர்ந்தெடுக்கும் ஒரு நுட்பம் அந்தத் தொகுப்பில் இருந்தது; பின்வாசல் அதைத்தான் பிடிமானமாகப் பயன்படுத்தியது. அதையும் அவர் எடுத்துவிட்டார். ஆனால் பாதுகாப்புக்காக எடுக்கவில்லை என்று தெளிவாகச் சொன்னார். இந்தத் திட்டத்தில் அந்த நுட்பத்தால் கிடைக்கும் வேகம் மிகச் சிறியது; அதற்காக இத்தனை சிக்கலைச் சுமக்கத் தேவையில்லை என்பது அவர் தந்த காரணம். எதற்காக அந்த நிரல் இருக்கிறது என்று அறிந்தவரால் மட்டுமே எழுதக்கூடிய குறிப்பு அது.